மயிலாப்பூரில் பழைய வீடு வாங்கலாமா? வாசல்படியை எண்ணிவிட்டுச் சொல்லுங்கள்

கேட்டிருப்பது இது: சித்திரக்குளம் பக்கத்துத் தெரு ஒன்றில் 1936-இல் கட்டிய வீடு விலைக்கு வந்திருக்கிறது. 18 அடி அகலம், 92 அடி நீளம். திண்ணை, ரேழி, முற்றம், கூடம், கொல்லையில் கிணறு. கூரை மெட்ராஸ் டெரஸ். வீட்டில் கணவன், மனைவி, பத்து வயதுப் பெண், மாமியார். வாங்கிச் சரிசெய்து அதிலேயே குடியிருக்க ஆசை. ஆனால் கேட்ட இடமெல்லாம் "இடிச்சுட்டுக் கட்டுங்க, இல்லைன்னா பேசாம ஃப்ளாட் வாங்குங்க" என்கிறார்களாம்.

கட்டட மதிப்பீடும் பழுதுபார்ப்பும் எனக்கு முப்பது வருடப் பிழைப்பு. மயிலாப்பூர், திருவல்லிக்கேணி வீடுகளில் நிறைய பரண் ஏறியிருக்கிறேன். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் வாங்கலாம் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் எதைப் பார்த்துப் பயப்பட வேண்டுமோ அதை விட்டுவிட்டு வேறெதற்கோ பயப்படுகிறீர்கள். வீட்டின் வயது உங்களுக்குப் பிரச்சினையே இல்லை. காகிதமும் தண்ணீரும் பக்கத்து மனையும்தான் பிரச்சினை.

விலையிலிருந்து தொடங்குகிறேன். இந்த ஊரில் பழைய வீட்டுக்கு யாரும் விலை போடுவதில்லை, மண்ணுக்குத்தான் விலை. மதிப்பீட்டாளர் அறிக்கையில் கட்டடத்துக்கு என்று ஒரு சின்னத் தொகை எழுதுவார், அவ்வளவுதான். பில்டர் வாங்கினால் அதையும் எழுதமாட்டார், இடிக்கிற செலவைக் கழிப்பார். நிலைக்கதவுக்கும் தேக்கு உத்திரத்துக்கும் இடிபொருள்காரர் கொடுக்கிற காசு ஒன்றுதான் வரவு. ஆக, குடியிருக்க வாங்குகிற உங்களுக்கு மண் விலைக்கு மண் வருகிறது, பர்மா தேக்கு போட்ட வீடு சும்மா வருகிறது. பழைய வீடு வாங்குவதில் இருக்கிற பெரிய லாபம் இதுதான், இதைப் பெரும்பாலானவர்கள் கவனிப்பதே இல்லை.

இப்போது அந்த 18 அடிக்கு வருவோம். உங்கள் மனை சுமார் 1,656 சதுர அடி. ஒரு கிரவுண்ட் என்பது 2,400, அதில் முக்காலுக்கும் குறைவு. தமிழ்நாட்டுக் கட்டட விதிகள் 2019-இன்படி சாதாரணக் கட்டடத்துக்குத் தளப்பரப்புக் குறியீடு 2, அதாவது எல்லா மாடியும் சேர்த்து மனையைப் போல இரண்டு மடங்கு. காகிதத்தில் 3,300 சதுர அடி கட்டலாம். ஆனால் 18 அடி அகலத்தில் மாடிப்படி, லிஃப்ட், கார் நிறுத்த இடம், விட வேண்டிய காலியிடம் எல்லாவற்றையும் கழித்துப் பாருங்கள், விற்கிற மாதிரி ஒரு ஃப்ளாட்கூட ஒழுங்காக வராது. அதனால் தனியாக இந்த மனையை ஒரு பில்டரும் ஆசைப்பட்டு வாங்கமாட்டார். உங்களுக்கு அது நல்லது. உரிமையாளர் "பில்டர் இவ்வளவு தர்றேன்னாரு" என்று சொன்னால் மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள், நம்ப வேண்டாம்.

அதில் ஒரு விதிவிலக்கு உண்டு. பக்கத்து மனையையும் சேர்த்தால் 36 அடி ஆகிவிடும், அப்போது கணக்கே வேறு. இரண்டு பக்கத்து வீடுகளும் யார் கையில் இருக்கின்றன, யாராவது ஏற்கெனவே ஒப்பந்தம் போட்டுவிட்டார்களா என்று தெருவில் விசாரியுங்கள். இஸ்திரி வண்டிக்காரருக்குத் தெரியாத விஷயம் எந்தத் தெருவிலும் கிடையாது. பக்கத்து வீடு இடிபடப்போகிறது என்றால் உங்கள் வீட்டுக்கு என்ன ஆகும் என்பதைக் கீழே சொல்கிறேன்.

காகிதம். மயிலாப்பூரில் முதல் கேள்வி: மண் யாருடையது? கபாலீசுவரர் கோயிலுக்கு இந்த வட்டாரத்தில் ஏகப்பட்ட மனைகள் உண்டு. கோயில் மனையில் தலைமுறை தலைமுறையாகக் குடியிருப்பவர்கள் விற்பது மேலே இருக்கிற கட்டடத்தை மட்டும்தான், மண் கோயிலுக்கே. விலை கொஞ்சம் தாராளமாகக் குறைந்திருந்தால் அங்கேயே சந்தேகம் வரவேண்டும். 1921-ஆம் வருடத்து நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி "பின்னாடி மண்ணையும் வாங்கிக்கலாம்" என்று இன்னமும் சிலர் சொல்கிறார்கள். 1996-இல் வந்த திருத்தம் சமய நிறுவனங்களின் நிலத்தை அந்தச் சட்டத்திலிருந்தே விலக்கிவிட்டது. கோயில் நிலத்தை அறநிலையத்துறை ஆணையர் அனுமதியில்லாமல் விற்க முடியாது, பதிவுச் சட்டம் 22-ஏ பிரிவைக் காட்டி சார்பதிவாளர் பத்திரத்தை ஏற்கவும் மாட்டார். நகர நிலப் பதிவேட்டின் நகலை எடுத்து யார் பெயர் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் மற்ற பேச்சு.

இரண்டாவது, வாரிசுகள். 1936-இல் தாத்தா கட்டிய வீடு என்றால் இன்றைக்கு மூன்றாம் தலைமுறை. உங்களிடம் பேசுகிற அண்ணன் தம்பி இருவர் மட்டும்தான் உரிமையாளர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அத்தைகள் எத்தனை பேர்? தமிழ்நாட்டில் 1989 மார்ச் 25 முதல் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் பங்கு வந்தது, அதற்கு முன் மணமானவர்களைத் தவிர. 2005 செப்டம்பர் 9-இல் மத்தியச் சட்டத் திருத்தம் அந்த வித்தியாசத்தையும் எடுத்துவிட்டது. 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், 2005-இல் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை என்று சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே முறையாகப் பதிவாகி முடிந்த பாகப்பிரிவினை என்றால் அதை இது தொடாது. ஆகவே பாகப்பிரிவினைப் பத்திரத்தையும், இல்லாவிட்டால் ஒவ்வொரு பெண் வாரிசிடமிருந்தும் தன் பங்கை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரத்தையும் கேளுங்கள். "அக்காவுக்கு அமெரிக்காவுல எல்லாம் இருக்கு, அவ கேக்கமாட்டா" என்பது பத்திரம் ஆகாது. கச்சேரி சாலைக்கு உள்ளே ஒரு சந்தில் எனக்குத் தெரிந்த வீடு ஒன்றில் ஏழு பேர் கையெழுத்துப் போட்டார்கள். எட்டாவது ஒருவர் இருப்பது, கிரகப்பிரவேசப் பத்திரிகை அடித்த பிறகுதான் தெரிந்தது. வீடு நான்கு வருடம் பூட்டிக் கிடந்தது. அத்தனை மழையும் கூரையில்தான் இறங்கியது.

வில்லங்கச் சான்றை இணையத்தில் எடுத்தால் பெரும்பாலும் 1975-க்குப் பிந்தைய பதிவுகள்தான் கிடைக்கும். உங்கள் வீட்டுக் கதை அதற்கு 40 வருடம் முன்பே ஆரம்பிக்கிறது. அந்தக் காலத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கையால் தேடச் சொல்லி மனுப் போடுங்கள். மூலப் பத்திரத்தின் அசலைக் கண்ணால் பாருங்கள். உயில் வழி வந்த சொத்து என்றால் புரொபேட், அதாவது உயில் செல்லும் என்கிற நீதிமன்றச் சான்று, எடுத்தார்களா என்று கேளுங்கள். வாடகைக்காரர் யாராவது இருந்தால், காலி செய்த பிறகுதான் பத்திரம். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதத்தைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக் கடன் வேண்டுமென்றால் இப்போதே வங்கியிடம் வீட்டின் வயதைச் சொல்லிப் பேசிவிடுங்கள். கட்டடத்தின் மீதி ஆயுள் கடன் காலத்தைத் தாண்டுமா என்று கேட்பார்கள், முன்பணம் கொடுத்த பிறகு அந்தக் கேள்வி வந்தால் சங்கடம்.

வக்கீல் வேலை முடிந்தது. இனி எனக்குப் பிடித்த பகுதி.

வீட்டுக்குள் போவதற்கு முன் வாசலில் நின்று படிகளை எண்ணுங்கள். அந்தக் காலத்தில் மூன்று நான்கு படி ஏறித்தான் திண்ணைக்குப் போவார்கள். தெருவுக்குத் தார் போடும்போது பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே போட்டுப்போட்டுத் தெரு உயர்ந்துவிட்டது, படிகள் ஒவ்வொன்றாக மண்ணுக்குள் போய்விட்டன. இரண்டு படியாவது மிச்சம் இருந்தால் நிம்மதி. திண்ணையும் தெருவும் ஒரே மட்டம் என்றால் ஐப்பசி மழையில் தெருத் தண்ணீர் ரேழிக்கு வரும், முற்றத்துத் தண்ணீர் வெளியே போகாது. முற்றத்திலிருந்து தெருவுக்குப் போகிற பழைய தூம்பு இப்போது தெருவுக்குக் கீழே இருக்கும், அதனால் தண்ணீர் திரும்பி வரும். தீர்வு இருக்கிறது: முற்றத்து நீரைக் கொல்லைக் கிணற்றுக்கோ உறிஞ்சுக் கிணற்றுக்கோ திருப்பிவிடலாம். 2003 முதல் மழைநீர் சேகரிப்பு எப்படியும் கட்டாயம், மயிலாப்பூர் மணல் தண்ணீரைக் குடிக்கும். ஆனால் அந்தச் செலவையும் விலையில் பேசிக் குறைக்க வேண்டும்.

படியை எண்ணும்போதே இன்னொன்றையும் பாருங்கள். பல தெருக்களில் கடைசிப் படியும் சில சமயம் திண்ணையின் விளிம்பும் மாநகராட்சி இடத்தில் இருக்கும். டேப் பிடித்து அளந்து, பதிவேட்டு அளவோடு ஒப்பிடுங்கள்.

உள்ளே போய் நிமிர்ந்து பாருங்கள். மெட்ராஸ் டெரஸ் எப்படிக் கட்டியது என்று தெரிந்தால்தான் அது எங்கே கெடும் என்று தெரியும். சுவருக்குச் சுவர் ஒன்றரை அடிக்கு ஒன்றாகத் தேக்குக் கட்டைகள். அவற்றின்மேல் அச்சுக்கல் என்கிற சின்னச் செங்கல்லை, ஆறு அங்குல நீளம், மூன்று அங்குல அகலம், ஒரு அங்குல கனம், பக்கவாட்டில் நிறுத்திச் சுண்ணாம்புக் கலவையில் சாய்வாக அடுக்குவார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் மூன்று அங்குலத்துக்குப் போட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்துப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். கட்டை எம்பித் துள்ளுகிற அளவுக்குத் தளம் இறுகினால்தான் மேஸ்திரி விடுவார். அதற்கும் மேல் தட்டையான ஓடு. இதில் இரும்பே கிடையாது, அதனால் துருவும் கிடையாது. கடலிலிருந்து ஒரு கிலோமீட்டர், ஒன்றரைக் கிலோமீட்டரில் இருக்கிற ஊரில் இது லேசான விஷயமில்லை. 1936 வீட்டைவிட 1968-இல் போட்ட கான்கிரீட் தளத்தைப் பார்த்தால்தான் எனக்கு வயிற்றைக் கலக்கும். உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதிக் கான்கிரீட்டை உதிர்த்துக்கொண்டிருக்கும், பூச்சுக்கு மேலே ஒன்றும் தெரியாது.

தேக்குக் கட்டை நடுவில் கெடுவதில்லை. சுவருக்குள் சொருகியிருக்கிற முனையில்தான் கெடும். மழைநீர் கைப்பிடிச் சுவரின் அடியில் இறங்கி, சுவர் வழியாக வந்து கட்டை முனையை நனைக்கிறது, பிறகு கரையான் வருகிறது. ஏணி போட்டு ஏறி ஒவ்வொரு முனையையும் ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டுங்கள். நல்ல தேக்கு கணீர் என்று சொல்லும். கெட்டது பொத்பொத்தென்று இருக்கும், நுனியால் குத்தினால் கேக்கில் இறங்குகிற மாதிரி இறங்கும். முப்பது கட்டையில் நான்கைந்து கெட்டிருந்தால் பயப்பட ஒன்றுமில்லை, மாற்றலாம், அல்லது சுவரோரமாக ஒரு இரும்பு ஆங்கிள் கொடுத்துத் தாங்கலாம். பாதிக்கு மேல் என்றால் அந்த அறையின் தளத்தையே எடுத்துப் போட வேண்டிவரும். மொட்டைமாடிக்கும் போங்கள். கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்திருக்கும், முளைக்காத வீட்டை நான் பார்த்ததில்லை. எவ்வளவு பருமன் என்பதுதான் கேள்வி. பென்சில் கனம் என்றால் பிடுங்கிவிடலாம். மணிக்கட்டுக் கனம் என்றால் வேர் சுவருக்குள் ஒரு ஆள் உயரம் இறங்கியிருக்கும்.

அடுத்து சுவரின் கீழ்ப்பகுதி. முழங்கால் உயரத்துக்கு உப்புப் பூத்து, சுண்ணாம்பு பொரிந்து உதிர்ந்திருக்கும். மண்ணிலிருந்து ஏறுகிற ஓதம் இது, பழைய வீட்டில் சகஜம். இதில் நானே ஒரு தவறு செய்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு வீட்டில் இந்தப் பொரிந்த பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டு நல்ல ஸ்ட்ராங்காக சிமென்ட் பூசச் சொன்னேன். மேலே விலை உயர்ந்த பெயின்ட். இரண்டு மழைக்காலம் அழகாக இருந்தது. மூன்றாவதில் ஓதம் சிமென்டுக்குப் பின்னாலேயே ஏறி இடுப்பு உயரத்தில் வெளிவந்து, பூச்சைப் பலகை பலகையாகத் தள்ளிவிட்டது. சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். ஈரம் உள்ளே வந்தாலும் வெளியே போய்விடும். சிமென்ட் அதன் வாயைப் பொத்துகிறது. பழைய சுவருக்கு நீற்றிய சுண்ணாம்புப் பூச்சும் சுண்ணாம்பு வெள்ளையும்தான் சரி. அந்த வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பது கஷ்டம், காரைக்குடிப் பக்கத்திலிருந்து வரவழைக்க வேண்டியிருக்கலாம், சுண்ணாம்பை ஊறவைக்க வாரக்கணக்கில் ஆகும். உங்கள் காண்ட்ராக்டர் "சார், சிமென்ட்ல ரெண்டு நாள்ல முடிச்சுத் தர்றேன்" என்பார். அவரை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

விரிசல்கள் இருக்கும். எல்லா விரிசலும் ஒன்றல்ல. 1950-இல் விட்ட விரிசல் அப்படியே நின்றிருந்தால் அது வெறும் சுருக்கம், நடந்துகொண்டிருக்கிற விரிசல்தான் ஆபத்து. அதைக் கண்டுபிடிக்க விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. மெல்லிய கண்ணாடித் துண்டை விரிசலுக்குக் குறுக்கே வைத்து இரண்டு பக்கமும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வைத்து ஒட்டி, பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதிவிடுங்கள். கண்ணாடி உடைந்தால் சுவர் அசைகிறது. உரிமையாளர் சம்மதித்தால் பேச்சுவார்த்தை நடக்கிற இரண்டு மூன்று மாதத்திலேயே பதில் தெரிந்துவிடும்.

இதை நான் இவ்வளவு வலியுறுத்தக் காரணம் மெட்ரோ. இரண்டாம் கட்டத்தின் இரண்டு வழித்தடங்கள் திருமயிலை நிலையத்தில் சந்திக்கின்றன, மாடவீதிச் சுற்றுவட்டாரமே வருடக்கணக்கில் தடுப்புத் தகரத்துக்குள் இருக்கிறது. வேலை முடிந்ததும் அங்கே மனை விலையும் வாடகையும் ஏறும், தெருமுனை மெஸ்ஸும் ஃபேன்சி ஸ்டோரும் கஃபேயாக மாறும், அதெல்லாம் நடக்கத்தான் போகிறது. உங்களுக்கு உடனடியாக வேண்டியது ஒன்றுதான்: பத்திரம் ஆன மறுநாளே எல்லா அறைகளையும் எல்லா விரிசல்களையும் தேதியோடு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்குச் சுரங்கத்தாலோ பக்கத்து வீட்டு அஸ்திவாரத்தாலோ புது விரிசல் வந்தால் "இது பழசு" என்று யாரும் சொல்ல முடியாது.

பக்கத்து வீடு என்று சொன்னேனே, அதுதான் இது. இந்தத் தெருக்களில் இரண்டு வீட்டுக்கும் நடுவில் பல இடங்களில் ஒரே சுவர்தான். உங்கள் தேக்குக் கட்டைகள் ஒரு பக்கமும் பக்கத்து வீட்டுக் கட்டைகள் மறுபக்கமுமாக அந்த ஒரு சுவரில் சொருகியிருக்கும். அவர்கள் இடித்தால் உங்கள் சுவர் ஒரு நாளில் வெளிச்சுவர் ஆகிவிடும், ஒரு பூச்சுக்கூட இல்லாமல் மழையில் நிற்கும். பிறகு அவர்கள் அஸ்திவாரத்துக்கு ஆழமாகத் தோண்டும்போது உங்கள் சுவரின் காலடி மண் சரியும். பத்திரத்தில் நடுச்சுவர் பொது என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். ஜன்னல் வெளிச்சம், தாழ்வாரத்துச் சொட்டுநீர், பொதுக் கிணறு இவற்றிலும் பார்க்க வேண்டியது உண்டு. 1882-ஆம் வருடத்து அனுபோக உரிமைச் சட்டப்படி 20 வருடம் தடையில்லாமல் அனுபவித்தது உரிமையாகும். அது உங்களுக்கும் பொருந்தும், உங்கள்மேல் அவர்களுக்கும் பொருந்தும்.

வாங்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மூன்று காரியம் தயவுசெய்து செய்யாதீர்கள். மொட்டைமாடி நடுவில் தண்ணீர்த் தொட்டி வைக்காதீர்கள். ஆயிரம் லிட்டர் என்றால் ஒரு டன், அதைத் தாங்குவதற்கு அந்தக் கட்டைகளைப் போடவில்லை. கொல்லையில் தனியாக இரும்புச் சட்டகம் போட்டு அதன்மேல் வையுங்கள். மாடியில் புதிதாகக் குளியலறை கட்டாதீர்கள். ஈரம் படுகிறதெல்லாம் கொல்லைப் பக்கம் தனிக் கட்டாக இருக்கட்டும், மாமியாருக்கு மட்டும் கூடத்தை ஒட்டிக் கீழேயே ஒன்று. முற்றத்தை பாலிகார்பனேட் ஷீட் போட்டு மூடாதீர்கள். மழைக்கும் குரங்குக்கும் பயந்து எல்லோரும் செய்கிறார்கள், சித்திரையில் வீடு இட்லிப் பானை ஆகிவிடும். முற்றம் என்பது வீட்டின் புகைபோக்கி. சூடு அது வழியாக மேலே போவதால்தான் கூடம் மத்தியானம் இரண்டு மணிக்கும் குளிர்ச்சியாக இருக்கிறது. கம்பிவலை போடுங்கள், போதும்.

கார் நிறுத்த இடம் இல்லை என்பது உண்மையான குறை, அதை மழுப்ப மாட்டேன். திண்ணையை இடித்து ஷட்டர் போட்டு உள்ளே விடலாம் என்று யோசனை வரும். 18 அடி முகப்பில் திண்ணையும் போய் ரேழியும் போனால் மிச்சம் இருப்பது ஒரு கிடங்குதான். பக்கத்தில் மாத வாடகைக்குக் கார் நிறுத்த இடம் தேடுங்கள், அல்லது காரை விற்றுவிடுங்கள். பங்குனியில் அறுபத்துமூவர் அன்றைக்கு எப்படியும் கார் நகராது. அன்றைக்குத் திண்ணையில் மோர்ப் பானை வைத்து உட்கார்ந்தால் தெருவில் பாதிப் பேரை உங்களுக்குத் தெரிந்துவிடும்.

இப்போதைக்கு ஒரு வேலை. வீட்டை நீங்கள் பார்த்தது ஞாயிற்றுக்கிழமை காலை என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லா வீடும் ஞாயிற்றுக்கிழமை காலையில் நன்றாகத்தான் இருக்கும். ஒரு வேலைநாள் ராத்திரி ஒன்பது மணிக்குப் போய்த் தெருவில் நில்லுங்கள். மழை கொட்டுகிற நாளில் ஒருமுறை, உரிமையாளரிடம் சொல்லிக்கொண்டு, கூடத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து எங்கே சொட்டுகிறது என்று பாருங்கள். தேக்குக் கட்டை முனைகளை டார்ச் அடித்துக் கீழிருந்து படம் எடுத்து அனுப்புங்கள், முக்கியமாக மேற்குச் சுவர்ப் பக்கம் இருக்கிறவை. வாசல்படி எத்தனை என்றும் எழுதுங்கள். அதைப் பார்த்த பிறகு விலை எவ்வளவுக்குப் பேசலாம் என்று சொல்கிறேன்.